கூப்பிடு தூரம்

மேஹாம்னிலிருந்து பெர்லெவோகுக்குப்
பதினெட்டு நிமிடம்.
முக்கால் நாழிகை.
காற்று எதிர்த்தால் இருபத்திரண்டு.
பின்னாலிருந்து தள்ளினால் பதினைந்து,
அன்றைக்கு விமானி இறங்கும்போதே சிரிப்பான்.

வானில் ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.
சாலையில் முந்நூற்றுச் சொச்சம்.
ஒவ்வொரு ஃபியோர்டையும்
அதன் விரல்நுனி வரை போய்ச்
சுற்றிக்கொண்டு வரவேண்டும்,
கடன் கொடுத்தவன் வீட்டைத் தவிர்க்க
நாலு தெரு சுற்றுபவனைப் போல.
மலைச்சாலை திறந்திருந்தால் ஐந்து மணி நேரம்.
'திறந்திருந்தால்' என்பதன் அந்த 'ஆல்'
குளிர்காலத்தில் பனியைவிடக் கனம்.

நான் பெர்லெவோக் நிலையத்தில்
பெட்டிகளை எடை போடுபவள்.
அறிவிப்பவள்,
காபி இயந்திரத்தைத் தட்டி எழுப்புபவள்,
மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு ஓடிப்போய்
சக்கரத்துக்குக் கட்டை வைப்பவள்.
ஓடுபாதையில் கலைமான் நின்றால்
விரட்டுபவளும் நானே.
சம்பளம் மட்டும் ஒன்று.

ஒன்றுவிட்ட வெள்ளிக்கிழமைகளில்
டிரில் தனியாக வருவாள்.
ஏழு வயது.
கழுத்தில் தொங்கும் பிளாஸ்டிக் உறையில்
ஒரு படிவம்:
ஒப்படைத்தவர், பெற்றுக்கொண்டவர்.
மேலே அப்பா ஷூரின் கையெழுத்து,
கயிறு அவிழ்ந்த படகாய் வலப்பக்கம் ஓடும்.
கீழே அம்மா ஹெர்பியோர்க்,
மீன் ஆலையிலிருந்து நேராக வந்த ஈரக்கை,
தாள் கிழியும்படி அழுத்துவாள்.
அந்த இரண்டு பெயரும்
இப்போது அருகருகே இருப்பது
இந்தத் தாளில் மட்டும்.
மூன்று மாதம் வைத்திருந்து
கிழித்துப்போட வேண்டும் என்பது விதி.
என் இழுப்பறை சரியாக மூடுவதில்லை.

டிரிலுக்குப் பதினெட்டு நிமிடம் என்றால்
ஒரு ஆரஞ்சுப்பழம்.
ஏறியதும் உரிக்கத் தொடங்குவாள்.
சக்கரம் தரையில் மோதும்போது
கடைசிச் சுளை வாயில் இருக்கும்.
தோலை என் கையில் கொடுப்பாள்,
சுங்கவரி போல.

பிப்ரவரியில் ஒரு வெள்ளி, ஒன்றரை மணி.
விமானம் கேட்டது, தெரியவில்லை.
பனி மேலிருந்து விழவில்லை,
கடலிலிருந்து படுக்கைவாட்டில் வந்தது.
ஒரு சுற்று.
இன்னொரு சுற்று.
கண்ணாடியில் நெற்றியை ஒட்டியபடி ஹெர்பியோர்க்.
நேர் தலைக்குமேலே, எங்கோ வெள்ளைக்குள்,
மகளும் ஆரஞ்சும்.
சத்தம் கிழக்கே மெலிந்தது.

அறையில் இருந்தது அவள் ஒருத்திதான்,
ஆனாலும் விதிப்படி
ஒலிபெருக்கியில் சொன்னேன்:
விமானம் கிர்கெனெஸ் போகிறது.
மேஹாம்னையும் மூடிவிட்டார்கள்.
மலைச்சாலையில் தடுப்புக்கம்பம் இறங்கிவிட்டது,
அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்.

கைபேசியை எடுத்தாள். வைத்தாள்.
இரண்டு வருடமாய்
குறுஞ்செய்தி மட்டும் போய்வந்த வீடு அது:
காலணி அளவு,
காய்ச்சல் மருந்து,
விமான நேரம்.
மறுபடி எடுத்தாள்.
கூப்பிட்டாள்.

நான் காபி இயந்திரத்தைத் துடைத்தேன்.
துடைத்ததையே துடைத்தேன்.
"இறங்கல" என்றாள்.
அப்புறம் வெகுநேரம் பேச்சில்லை.
வைக்கவுமில்லை.
ஓர் ஊரின் காற்று வெளியே,
இன்னோர் ஊரின் காற்று காதுக்குள்.
"ஆரஞ்சு ஒண்ணுதான் குடுத்தியா?"
பதில் என்னவோ, சிரித்துவிட்டாள்.
சிரித்ததற்கு
என்னைப் பார்த்து முறைத்தாள்.

இரவு தகவல் வந்தது:
பணிப்பெண் ஊட்னியோடு ஒரே விடுதி அறை,
உருளைக்கிழங்கு, சாசேஜ்,
தூங்கிவிட்டாள்.

மறுநாள் பதினொன்றரைக்கு இறங்கினாள்.
சட்டைப்பையிலிருந்து
சுருண்டு காய்ந்த தோலை எடுத்துத் தந்தாள்.
தாமதப் படிவத்தில்
இருபத்திரண்டு மணி நேரம் என்று எழுதினேன்.
தலைமையகத்தில் கேட்டார்கள்,
நிமிடத்தை மணி என்று எழுதிவிட்டீர்களா?
இல்லை என்றேன்.
இந்தப் பாதையில் இரண்டும் உண்டு.

அடுத்த முறை அவள் பையில்
மூன்று ஆரஞ்சு.
காற்று பின்னாலிருந்து தள்ள
பதினைந்தே நிமிடம்,
முதல் பழமே முடியவில்லை.
மீதிச் சுளைகள் தீரும்வரை
வாசலில் நின்றாள் ஹெர்பியோர்க்,
கார் உறுமிக்கொண்டிருக்க.
நான் கையெழுத்துக்குப் பேனா தேடினேன்.
என் காதிலேயே இருந்தது.